“விண்டோஸ் ஒரிஜினல் இல்லையாம், என்ன செய்றது?” – உறவினர் வீட்டுக் கணினியில் உரிம எச்சரிக்கை வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாகச் சொந்தக்காரர்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். தீபாவளிக்கு ஒரு வீட்டுக்குப் போனால் முறுக்குத் தட்டு வரும் முன்னே, “தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று மடிக்கணினி வந்துவிடும். காஜாங்கில் அத்தை, ரவாங்கில் பெரியப்பா, கிள்ளானில் மாமா, எல்லாரும் கேட்பது சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதிலை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உதவப் போகும்போது பயன்படும். ஒன்று மட்டும் முதலிலேயே: எச்சரிக்கையைப் பார்த்ததும் எதையும் நிறுவாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். அந்தக் கணினிக்கு முதலில் என்ன உரிமம் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் நல்ல உரிமம் உள்ளேயே இருந்தது, யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“ஸ்கிரீன்ல வலது பக்கம் கீழ மங்கலா ஏதோ எழுதியிருக்கு, அழிக்க முடியல. வைரஸா?”

வைரஸ் இல்லை. “ஆக்டிவேட் விண்டோஸ்” என்று ஒரு வரியும், செட்டிங்ஸுக்குப் போங்கள் என்று அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தால், இந்தக் கணினியில் ஓடும் விண்டோஸுக்கு உரிமம் உறுதியாகவில்லை என்று விண்டோஸே சொல்கிறது என்று அர்த்தம். கிள்ளான் மாமா அதைத் திரையில் ஒட்டிய கறை என்று நினைத்து ஈரத்துணியால் இரண்டு நாள் துடைத்திருக்கிறார். எந்தச் சன்னலைத் திறந்தாலும் அதன் மேலேயே நிற்பதால் பெரியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

“இதுக்குப் போலீஸ் வருமா? அபராதம் ஏதும் கட்டணுமா?”

இதை ரொம்பப் பேர் மெதுவான குரலில் கேட்கிறார்கள், அதனால்தான் இரண்டாவதாக வைத்தேன். அது அரசாங்கம் அனுப்பிய நோட்டீஸ் இல்லை. மென்பொருள் தானாகக் காட்டுகிற செய்தி. எந்த அரசாங்க அலுவலகமும் கணினித் திரையில் வந்து அபராதம் கேட்காது. அப்படிக் கேட்டால் அது மோசடி, ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள்.

ஆனால் அதே கணினியில் டியூஷன் சென்டர் கணக்கோ தையல் கடை பில்லோ போட்டால் விஷயம் வேறு. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வியாபார இடங்களில் உரிமமில்லாத மென்பொருள் இருக்கிறதா என்று உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவு சோதனை நடத்துவதும் உண்டு. சின்னக் கடைதானே என்று விட்டுவிடாமல் அங்கே முறையாக வாங்கிப் போட்டுவிடுங்கள்.

“அப்படியே விட்டுட்டா என்ன ஆகும்? கம்ப்யூட்டர் நின்னு போயிடுமா?”

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நின்று போகாது. கோப்புகள் அழியாது, இணையம் ஓடும். பின்னணிப் படம், நிறம் மாதிரி அலங்காரங்களை செட்டிங்ஸில் மாற்ற முடியாது, அந்த மங்கல் எழுத்தும் போகாது. பழைய விண்டோஸ் 7 என்றால் திரை முழுக்கக் கறுப்பாகி “ஒரிஜினல் இல்லை” என்று வரும், பார்த்தால் கணினியே போய்விட்ட மாதிரி இருக்கும், ஆனால் அங்கேயும் உள்ளே இருக்கும் படங்கள் பத்திரம்தான். அந்தத் திரையைப் பார்த்துப் பயந்துபோய், பேரன் பிறந்தநாள் படங்களை எடுத்து வைக்காமலேயே ஃபார்மட் பண்ணக் கொடுத்து அத்தனையையும் இழந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

உரிமம் இல்லாமலேயே காலத்துக்கும் ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. நிதானமாகக் காரணத்தைத் தேட உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

“எல்லா எச்சரிக்கையும் ஒரே மாதிரி இருக்கே, எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“ஏதோ லைசன்ஸ் போச்சாம்” என்று போனில் சொன்னால் நான் முதலில் கேட்பது ஒரு புகைப்படம். கைப்பேசியில் முழுத் திரையையும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஓரம் வெட்டாமல். ஓரத்தில்தான் பாதி விஷயம் இருக்கும்.

நாலு வகைதான் வரும். மேசைத்திரையின் கீழ் மூலையில் மங்கலாக வந்தால் விண்டோஸ். வேர்ட், எக்செல் திறந்தால் மட்டும் மேலே பட்டையாக வந்தால் அது ஆபீஸ், அதற்குத் தனி உரிமம், விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி எழுந்து “உங்கள் பாதுகாப்பு முடிந்தது” என்றால், மடிக்கணினி வாங்கியபோது கூட வந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனைக்காலம் முடிந்திருக்கும். அதை நீக்கிவிட்டாலே போதும், விண்டோஸுக்குள் டிஃபெண்டர் இலவசமாகவே இருக்கிறது, வீட்டுக்கு அது தாராளம். நாலாவது, இணையம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையை அடைத்துக்கொண்டு சத்தம் போட்டு வருவது. அதற்கு அடுத்த கேள்வி.

“ஒரு நம்பர் போட்டு உடனே கூப்பிடச் சொல்லுது, மைக்ரோசாஃப்ட் பேரு போட்டிருக்கு. கூப்பிடலாமா?”

கூடவே கூடாது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது, இதை அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. எண் இருந்தால் போலி, அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மற்ற எல்லாப் பதிலையும் மறந்தாலும் பரவாயில்லை.

அந்தப் பக்கம் மூடாமல் அடம்பிடித்தால் எஸ்கேப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரையிலிருந்து வெளியே வந்ததும் மூடலாம். அதுவும் முடியாவிட்டால் பவர் பொத்தானை அணையும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான். மறுபடி திறக்கும்போது “பழைய பக்கங்களை மீட்கவா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே கூப்பிட்டு, அவர்கள் சொன்னதை நிறுவி, வங்கி விவரம் கொடுத்துவிட்டார்களா? திட்டாதீர்கள். திட்டினால் மீதியை மறைத்துவிடுவார்கள். உடனே இணையத்தைத் துண்டியுங்கள், வங்கிக்கு அழையுங்கள், 997-க்கு அழையுங்கள். அது 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பிறகு வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு ஏன்?”

நாம் ஒன்றும் செய்யவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் கணினி கடைக்குப் போனதா, உள்ளே ஏதாவது மாற்றினார்களா, மின்சாரம் போய் வந்ததா, யாராவது பேரப்பிள்ளை வந்து விளையாட்டு ஏற்றினானா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் அதற்குள்தான் இருக்கும்.

பழைய மேசைக்கணினி என்றால் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. ரவாங் பெரியப்பா வீட்டில் ஆபீஸ் கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தது, வங்கியின் இணையப் பக்கமும் “பாதுகாப்பற்றது” என்று திறக்க மறுத்தது. பெரியப்பா இரண்டு வாரமாக யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற பயத்திலேயே இருந்திருக்கிறார். கீழே வலது மூலையில் பார்த்தால் தேதி 2011 ஜனவரி 1. உள்ளே மதர்போர்டில், அதாவது எல்லா உறுப்புகளும் பொருந்தியிருக்கும் முக்கியப் பலகையில், காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று மேலே பொறித்திருக்கும். அது செத்துப்போனால், பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் கணினிக்குத் தேதி மறந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் வெளியே உள்ள சர்வர்களோடு பாதுகாப்பாகப் பேச முடியாது, உரிமம் சரிபார்ப்பதும் நடக்காது. கைக்கடிகாரக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிற பேட்டரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நகத்தால் ஓரத்துக் கம்பியைத் தள்ளினால் துள்ளி வெளியே வரும், எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் தேதியைச் சரிசெய்தேன், இரண்டு எச்சரிக்கையும் போயின. பெரியப்பா அந்தப் பழைய பேட்டரியைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம விண்டோஸ் ஒரிஜினலா இல்லையான்னு நானே பார்க்க முடியுமா?”

முடியும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். அங்கே “டிஜிட்டல் லைசன்ஸ்” என்ற சொல் இருந்து, ஆக்டிவேட் ஆகிவிட்டது என்றும் இருந்தால் கவலை இல்லை. “மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த” என்றும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது, ஏன் என்று மதர்போர்டு கேள்வியில் சொல்கிறேன். ஆகவில்லை என்றால் அதே பக்கத்தில் ஒரு பிழை எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஆழமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. போனில் மாமாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள், சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர், அப்புறம் ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். கொஞ்சம் பொறுத்தால் ஒரு பெட்டி வரும். அதில் ஓஇஎம் என்று இருந்தால் கணினியோடு பிறந்த உரிமம், ரீட்டெயில் என்றால் தனியாக வாங்கியது. “வால்யூம்” என்று இருந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். அது அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாகக் கொடுப்பது, வீட்டுக் கணினியில் அதற்கு வேலையில்லை. கடைசி மூன்று எழுத்தை எக்ஸ், பி, ஆர் என்று மாற்றி அடித்தால் உரிமம் நிரந்தரமா, தேதி போட்டு முடியப்போகிறதா என்றும் சொல்லும்.

“கடையில ஃபார்மட் பண்ணி வாங்குனதுக்கப்புறம்தான் இது வருது. ஏமாத்திட்டாங்களா?”

ஏமாற்றினார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் கவனக்குறைவு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய கம்பெனி மடிக்கணினிகளில் உரிமத்தின் 25 எழுத்துச் சாவி மதர்போர்டுக்குள்ளேயே எழுதி வருகிறது. விண்டோஸ் நிறுவும்போது அது தானாக எடுத்துக்கொள்ளும், யாரும் எதுவும் அடிக்கத் தேவையில்லை. பிரச்சினை என்னவென்றால், வீட்டு மடிக்கணினிகளில் இருப்பது பெரும்பாலும் “ஹோம்” பதிப்பின் சாவி. கடையிலோ எல்லாருக்கும் ஒரே பென்டிரைவிலிருந்து “புரோ” பதிப்பைப் போட்டுவிடுகிறார்கள். ஹோம் சாவி புரோ பூட்டைத் திறக்காது.

காஜாங் அத்தையின் மடிக்கணினியில் இதுதான் நடந்தது. சாவி வாங்க 200 வெள்ளி ஆகும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நகல் எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிறுவல் கருவியைப் பென்டிரைவில் இறக்கி, ஹோம் பதிப்பைப் புதிதாகப் போட்டேன். வைஃபையில் இணைந்த சில நிமிடத்தில் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. கடைக்குக் கொடுக்கும் முன்பு செட்டிங்ஸில் எந்தப் பதிப்பு என்று பார்த்து எழுதிக் கொடுங்கள், “இதையேதான் போடணும்” என்று சொல்லுங்கள்.

“அடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, இனி அவ்வளவுதானா?”

எந்தக் காலத்து மடிக்கணினி என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன மாதிரி விண்டோஸ் 8-க்குப் பிந்தைய பெரிய கம்பெனி மடிக்கணினி என்றால் ஸ்டிக்கரில் பெரும்பாலும் சாவியே இருக்காது, அழிந்தாலும் நட்டமில்லை. விண்டோஸ் 7 காலத்தது என்றால் சாவி அதில்தான் இருந்தது. சூடும் வியர்வையும் பட்டு வெள்ளையாகிவிட்ட ஸ்டிக்கரையும் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் சில சமயம் எழுத்தின் தடம் தெரியும். பேட்டரியைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள், சில மாடல்களில் அங்கே பத்திரமாக இருக்கும்.

ஆனால் சாவி கிடைத்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 7, 8 சாவியை வைத்து 10-க்கோ 11-க்கோ போகிற வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. அதற்கு முன்பே மேம்படுத்தியிருந்தால் அந்தக் கணினிக்கு டிஜிட்டல் உரிமம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், மறுபடி நிறுவினாலும் செல்லும்.

“மதர்போர்டு போச்சு, மாத்தினோம். இப்ப கேக்குது.”

டிஜிட்டல் உரிமம் என்பது கணினியின் உறுப்புகளை, முக்கியமாக மதர்போர்டை, அடையாளம் வைத்துக்கொள்கிறது. நினைவகமோ ஹார்ட் டிஸ்க்கோ மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. மதர்போர்டை மாற்றினால் விண்டோஸுக்கு அது புதுக் கணினி. பிழை எண் எஃப்211 என்று முடிந்தால் இதைத்தான் சொல்கிறது.

தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமமாக இருந்து, மாற்றுவதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் வழி சுலபம். ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட்டர் பொத்தானை அழுத்தி, சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கணக்கில் நுழைந்து, பழைய கணினியின் பெயரைச் சுட்ட வேண்டும். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமமோ அந்த மதர்போர்டோடு போய்விடும் என்பதுதான் விதி. உத்தரவாதக் காலத்தில் தயாரித்த நிறுவனமே மாற்றித் தந்தால் அவர்களே சரிசெய்து தர வேண்டும், கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் அங்கேயே திறந்து பாருங்கள்.

“ஆபீஸ்ல ஓடின பழைய லேப்டாப்பை மலிவா வாங்கினேன். ஆறு மாசம் நல்லா இருந்துட்டு இப்பக் கேக்குது.”

அந்த ஆறு மாதம்தான் துப்பு. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியும் மைக்ரோசாஃப்டோடு நேரே பேசாது, அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் கேஎம்எஸ் என்ற சர்வரிடம் உரிமம் வாங்கும். அந்த உரிமம் 180 நாள் செல்லும். அலுவலக வலையமைப்பில் இருக்கும் வரை ஏழு நாளைக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மடிக்கணினி உங்கள் வீட்டுக்கு வந்தபின் அந்தச் சர்வரை அதனால் பார்க்க முடியாது, 180 நாள் முடிந்ததும் கேட்கத் தொடங்கிவிடும். பிழை எண் எஃப்074 என்று முடிந்தாலோ, முன்பு சொன்ன பெட்டியில் “வால்யூம்” என்று இருந்தாலோ இதுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், அலுவலக மடிக்கணினிகளும் தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் சொந்தச் சாவியோடுதான் வருகின்றன, அலுவலகம் அதன் மேல் தன்னுடையதைப் போட்டிருக்கும். முழுதாக அழித்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவினால் உள்ளே தூங்கும் சாவி எழுந்து வரலாம். பழைய கணினி வாங்கும்போது கடையிலேயே எக்ஸ், பி, ஆர் கட்டளையை அடித்துப் பார்த்து, “நிரந்தரம்” என்று வந்தால் மட்டும் காசைக் கொடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அரை நிமிட வேலை.

“ஆன்லைன்ல 15 வெள்ளிக்கு ஒரிஜினல் கீ விக்கிறாங்களே, வாங்கலாமா?”

வேண்டாம். அந்த விலைக்கு வருபவை பெரும்பாலும் ஏதோ நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்த மொத்தச் சாவியைத் துண்டு போட்டு விற்பவை, அல்லது வேறு யாரோ ஏற்கெனவே பயன்படுத்தியவை. முதல் நாள் வேலை செய்யும், விற்றவருக்கு ஐந்து நட்சத்திரமும் கிடைக்கும். அந்தச் சாவி முடக்கப்பட்டதும் சி003 என்று முடியும் பிழை எண்ணோ, எண்ணிக்கை மீறியது என்று சி008-ஓ வரும். அப்போது விற்ற கடை அங்கே இருக்காது.

உங்கள் பெயரில் எந்த உரிமமும் பதிவாகாமல் வெறும் 25 எழுத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்று உறுதியானால் மைக்ரோசாஃப்டிடமிருந்தோ, ரசீது தரும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்தோ வாங்குங்கள். அதற்கு முன் முந்தைய நாலு கேள்விகளையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம்.

“பக்கத்து வீட்டுப் பையன் ஒரு ஆக்டிவேட்டர் போட்டா ஓசியிலயே சரியாயிடும்கிறான்.”

இதற்கு நான் கோபப்படுவேன், மன்னியுங்கள். அந்த ஆக்டிவேட்டர்கள் முன் சொன்ன கேஎம்எஸ் சர்வர் மாதிரி உள்ளுக்குள்ளே நடித்து விண்டோஸை ஏமாற்றுபவை. நிறுவும்போதே “வைரஸ் தடுப்பை அணைத்துவிடுங்கள்” என்று கேட்கும். வாசலில் நிற்கும் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முகம் தெரியாத ஆளை உள்ளே விடுவதுதான் அது. 2021-இல் இப்படிப் பிரபலமான கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் சுற்றிய நிறுவியில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் ஒளிந்திருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடும் நிரல் அது. உங்கள் அத்தை அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், வருமான வரியும் அதில்தான் நிரப்புகிறார்.

ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், அதை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே வேறென்ன வந்தது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வைத்து, கணினியை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவுங்கள், கடவுச்சொற்களை எல்லாம் வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

“வேர்டு திறந்தா மேல பட்டை வருது, படிக்க முடியுது, டைப் பண்ண முடியல.”

சந்தா முடிந்துபோன ஆபீஸ் அப்படித்தான் ஆகும். திறக்கலாம், படிக்கலாம், அச்செடுக்கலாம், திருத்த முடியாது. கோப்பு எங்கும் போகவில்லை. முதலில் மேல் வலது மூலையில் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மகள் ஒரு மின்னஞ்சலில் சந்தா கட்டியிருப்பார், அம்மா வேறொன்றில் நுழைந்திருப்பார், அதுதான் பாதி வீடுகளில் கோளாறு. குடும்பச் சந்தா என்றால் ஆறு பேர் வரை பகிரலாம், ஆனால் ஒவ்வொருவரையும் அழைப்பு அனுப்பிச் சேர்க்க வேண்டும், கடவுச்சொல்லைக் கொடுத்து நுழையச் சொல்வது சேர்த்தது ஆகாது.

மடிக்கணினியோடு “ஆபீஸ் இலவசம்” என்று வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த உரிமம் முதல் தடவை எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்தார்களோ அதற்குத்தான் சொந்தம். எங்கள் சித்தி வாங்கிய ஒரு கடையில், நேரமாகிறது என்று ஊழியர் தன் சொந்தக் கணக்கிலேயே பதிந்து கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து ஃபார்மட் பண்ணியபோதுதான் தெரிந்தது, அந்த ஊழியர் அதற்குள் வேலையை விட்டே போய்விட்டார். புதுக் கணினி வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் மின்னஞ்சலில் நீங்களே பதியுங்கள்.

“விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே, அதனாலதான் இது வருதா?”

இல்லை, அது வேறு இது வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும், உரிமம் ரத்தாகாது. மங்கல் எழுத்து அதனால் வராது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பு எடுத்தால் காசில்லாமலே சேரலாம், அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பழைய கணினிகளில் பலவற்றில் அது இல்லை.

“காசு கட்ட வசதி இல்ல, ஆனா திருட்டு வழியும் வேணாம். வேற ஏதாவது?”

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் முழுக்க இலவசம், வேர்ட் கோப்புகளைத் திறக்கும், தமிழ் இடைமுகமும் உண்டு. இணையம் இருந்தால் வேர்ட், எக்செல் இரண்டையும் மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே இலவசக் கணக்கில் உலாவி வழியாகப் பயன்படுத்தலாம். கணினியே பழையது, யூடியூப், வாட்ஸ்அப் வெப், கோயில் விழா நோட்டீஸ் தட்டச்சு, இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள். மாமாவுக்கு அதைத்தான் போட்டேன். முதல் வாரம் தினமும் போன் வந்தது, இரண்டாவது மாதத்தில் நானே அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

“ஒரிஜினல்னு சொல்லித்தான் வித்தாங்க, ரசீதும் இருக்கு. விடணுமா?”

விடாதீர்கள். முதலில் கடைக்குப் போய், பிழைத் திரையின் படத்தையும் ரசீதையும் காட்டி, தணிவாகக் கேளுங்கள், பாதி இடங்களில் அங்கேயே தீரும். தீராவிட்டால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்கிறது, பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வாங்கி மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதில் “விண்டோஸ் உரிமத்துடன்” என்று எழுதி வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும்.

“அம்மா பினாங்கில, நான் கேஎல்ல. போன்லயே எப்படி உதவி பண்றது?”

விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் உங்கள் கணினியில் திறந்து ஒரு குறியீடு எடுத்துக் கொடுத்தால், அம்மா அதை அடித்து அனுமதி கொடுத்ததும் அவர் திரை உங்களுக்குத் தெரியும். மோசடிக்காரர்களும் இதே கருவியைத்தான் கேட்பார்கள் என்பதால் அம்மாவுக்கு ஒரு விதி சொல்லி வையுங்கள்: அவர் நம் எண்ணைக் கூப்பிட்டு, நம் குரலைக் கேட்ட பிறகு மட்டும் குறியீடு அடிக்க வேண்டும், யாராவது தானாகக் கூப்பிட்டுக் கேட்டால் வைத்துவிட வேண்டும்.

அடுத்த முறை நேரில் போகும்போது ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சல், விண்டோஸ் பதிப்பு ஹோமா புரோவா, ஆபீஸ் யார் கணக்கில் இருக்கிறது, ரசீது எந்த டிராயரில் என்று தமிழிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள், கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள். என் அம்மா அந்த நோட்டைச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போனில் நான் கேட்டால் இரண்டு நிமிடத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொல்லிவிடுவார்.